விற்ற பின்னும் சாவி யார் கையில்?
கணினிக் கம்பனிகளின் வியாபாரத்திலிருந்து எமக்கு ஒரு பாடம்

சில வருடங்களுக்கு முன்னர், நோன்பு மாதத்தின் நடுப்பகுதி. வழமை போன்று கடையின் இருப்பையும் வெளியில் நிற்கும் கடனையும் கணக்கிட்டு, ஸகாத்தைப் பிரித்து வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கணினி இயங்கியது. ஆனால் கணக்கு மென்பொருள் திறக்கவில்லை.

அந்த மென்பொருளை வாங்கும்போது பென் டிரைவ் போன்ற ஒரு சிறிய பொருளையும் தந்திருந்தார்கள். 'டொங்கிள்' என்று அதற்குப் பெயர். அதைக் கணினியில் செருகினால் மாத்திரமே மென்பொருள் வேலை செய்யும். யாரும் திருட்டுப் பிரதி எடுக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. அது பழுதாகியிருந்தது. மென்பொருளைச் செய்து தந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். இலக்கம் பாவனையில் இல்லை. நேரில் போய்ப் பார்த்தேன்; அந்த இடத்தில் வேறொரு கடை இருந்தது.

கணினி என்னுடையது. மென்பொருளுக்கும் முழுப் பணம் கொடுத்திருந்தேன். ஆனால் யார் எனக்கு எவ்வளவு தர வேண்டும், நான் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற ஏழு வருடக் கணக்கு, பூட்டிய அறைக்குள் இருந்தது. சாவி என்னிடம் இருக்கவில்லை.

எமது கடையில் நீண்ட காலம் வேலை செய்யும் நாநா ஒருவர், பழைய பழக்கத்தில் கடன்களைக் கொப்பியிலும் எழுதி வந்தார். அல்ஹம்துலில்லாஹ், அதனால் பாதி தப்பியது. மீதிக்கு வாடிக்கையாளர்களிடமே போய்க் கேட்க வேண்டி வந்தது. அநேகமானோர் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். நான் மறந்தே போயிருந்த ஒரு தொகையை வயதான ராத்தா ஒருவர் தானாகக் கொண்டு வந்து தந்தார். அந்த வருடம் ஸகாத்தை உத்தேசமாக, கொஞ்சம் கூட்டியே கொடுத்தேன். சரியாகக் கொடுத்தேனா என்ற கவலை இன்றும் மனதில் இருக்கிறது.

நான் கணினி படித்தவன் அல்ல. மின்சார உபகரணங்கள் விற்கும் சாதாரண வியாபாரி. ஆனால் அன்றிலிருந்து கணினிக் கம்பனிகள் எதை விற்கின்றன, எதைத் தம்மிடம் வைத்துக்கொள்கின்றன என்று கவனித்து வருகிறேன். அந்த வகையில் ஒரு நுகர்வோனின் அபிப்பிராயமாக இதனை எழுதுகிறேன்.

கணினிக் கம்பனிகளின் வியாபாரத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று கணினி என்ற பெட்டி. மற்றையது அதை இயக்கும் மென்பொருள். மூன்றாவது, கடந்த பத்து வருடங்களில் பெரிதாகப் பேசப்பட்ட ஹெட்செட்.

பெட்டி வியாபாரம்

ஐ.பி.எம். கம்பனி தனது முதலாவது பெர்சனல் கம்ப்யூட்டரை 1981 ஆகஸ்ட் 12ஆம் திகதி அறிமுகப்படுத்தியது. ஆரம்ப விலை 1,565 டொலர். சீக்கிரம் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற அவசரத்தில், பாகங்களை எல்லாம் தானே செய்யாமல் வெளியில் வாங்கியது. மூளையான சிப்பை இன்டெல் கம்பனியிடமும், இயக்கும் மென்பொருளை அப்போது சிறிய கம்பனியாக இருந்த மைக்ரோசொப்டிடமும் பெற்றது.

வேடிக்கை என்னவென்றால், ஐ.பி.எம். கேட்டபோது மைக்ரோசொப்டிடம் அந்த மென்பொருள் கைவசம் இருக்கவில்லை. சியாட்டில் நகரிலிருந்த ஒரு சிறு கம்பனி செய்திருந்ததை மொத்தமாகச் சுமார் 75,000 டொலர் கொடுத்து வாங்கி, திருத்திக் கொடுத்தது. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு விடயத்தில் கவனமாக இருந்தது. அதே மென்பொருளை மற்றக் கம்பனிகளுக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

விளைவு சீக்கிரமே தெரிந்தது. ஐ.பி.எம். கணினியில் வேலை செய்யும் மென்பொருள்கள் எல்லாம் தன்னுடையதிலும் வேலை செய்யும் என்று சொல்லி, கொம்பக் கம்பனி 1983ல் தனது கணினியை விற்கத் தொடங்கியது. முதல் வருடத்திலேயே 11 கோடி டொலருக்கு மேல் விற்றது. அதன் பின்னர் பலரும் அதே வழியில் வந்தார்கள். போட்டியினால் விலை இறங்கியது. பெட்டி செய்தவர்களின் இலாபமும் அதனுடன் சேர்ந்து இறங்கியது. 2002ல் கொம்பக் எச்.பி. கம்பனியுடன் இணைந்தது. 2005ல் ஐ.பி.எம். தனது பெர்சனல் கம்ப்யூட்டர் வியாபாரத்தையே சீனாவின் லெனோவோவுக்கு விற்றுவிட்டது. யார் பெட்டியை விற்றாலும் மைக்ரோசொப்டுக்குப் பங்கு கிடைத்துக்கொண்டே இருந்தது.

வாங்குபவன் என்ற வகையில் எனக்கு இந்தத் திறந்த முறைதான் விருப்பம். ஒரு கம்பனியின் மவுஸ் பழுதானால் இன்னொரு கம்பனியின் மவுஸைப் போடலாம். நினைவகம் போதவில்லையென்றால் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். ஊரிலுள்ள திருத்தும் தம்பிக்கும் தொழில் கிடைக்கிறது.

அப்பிள் கம்பனியின் வழி வேறு. பெட்டியும் மென்பொருளும் அதனுடையதே. 2020 நவம்பரில் வந்த எம்1 முதல் சிப்பையும் தானே வடிவமைக்கிறது. அதனால் பொருள் நன்றாகப் பொருந்தி வேலை செய்கிறது. பற்றரி நீண்ட நேரம் நிற்கிறது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கணினிகளில் நினைவகத்தைப் பின்னர் கூட்ட முடியாது. வாங்கும் நாளிலேயே தீர்மானித்து, பல மாதிரிகளில் 8 ஜிகாபைட் கூடுதலாகப் பெற 200 டொலர் கொடுக்க வேண்டும். வீடு கட்டும் நாளிலேயே எத்தனை பிள்ளைகள் பிறப்பார்கள் என்று முடிவெடு, பின்னர் ஓர் அறையும் கூட்டிக் கட்ட முடியாது என்று பாஸ் சொன்னால் எப்படி இருக்கும்? அது போன்றதுதான் இது.

அச்சு இயந்திரத்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். இயந்திரத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, மையில் இலாபம் எடுப்பது பழைய முறை. 2016 செப்டம்பரில் எச்.பி. கம்பனியின் சில அச்சு இயந்திரங்கள் வெளிக் கம்பனிகளின் மைப் பெட்டிகளைத் திடீரென்று ஏற்க மறுத்தன. முன்னரே அவற்றினுள் போய்ச் சேர்ந்திருந்த ஒரு மென்பொருள்தான் காரணம். எதிர்ப்புக் கிளம்பியதும், முறையாக அறிவிக்காததற்குக் கம்பனி மன்னிப்புக் கோரி, தடையை நீக்கும் மென்பொருளையும் வழங்கியது. ஆனாலும் அந்த முறையை அது கைவிடவில்லை. விற்று, பணம் வாங்கி, வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போய்விட்ட பொருளைக் கம்பனி தூரத்தில் இருந்துகொண்டே மாற்ற முடியும் என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது.

மென்பொருள்: சொந்தமா, வாடகையா?

முன்பு மென்பொருளை ஒரு தடவை பணம் கொடுத்து வாங்கினால், கணினி இருக்கும் வரை பாவிக்கலாம். மைக்ரோசொப்ட் 2011ல் ஒபிஸ் 365 என்று மாத, வருடக் கட்டண முறையை ஆரம்பித்தது. படம் திருத்தும் மென்பொருள் செய்யும் அடோபி, புதிய பதிப்புகளைப் பெட்டியில் போட்டு விற்பதை நிறுத்தி இனிமேல் சந்தா மாத்திரமே என்று 2013ல் அறிவித்தது. கம்பனிக்கு இது நல்ல வியாபாரம். மாதா மாதம் வாடகை வருகிறது. எமக்கும் சில வசதிகள் உண்டு. ஆனால் வாடகை கொடுக்காத மாதம் கடையைக் காலி செய்ய வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. டொலரில் கட்டும் வாடகை என்றால் எமக்குச் சுமை இரண்டு மடங்கு. 2022ல் ரூபா விழுந்தபோது, கம்பனி விலையைக் கூட்டாமலேயே எமது செலவு கூடியதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

அடுத்தது காலாவதி. பால்மா பைக்கற்றில் காலாவதித் திகதி இல்லாவிட்டால் வாடிக்கையாளர் வாங்கமாட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் அதிகாரிகளும் எம்மை விடமாட்டார்கள். கணினிக்கும் காலாவதி உண்டு. ஆனால் பெட்டியின் மேல் அது அச்சிடப்படுவதில்லை. 2001ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பீக்கு 2014 ஏப்ரல் 8ஆம் திகதியுடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. 2015ல் வந்த விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் வழமையான சேவை முடிந்தது.

பத்து வருடம் என்பது குறைந்த காலமல்ல. திகதியையும் மைக்ரோசொப்ட் முன்கூட்டியே அறிவித்திருந்தது. பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. 2021ல் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் குறிப்பிட்ட சிப்களையும் கேட்கிறது. அதனால் 2018க்கு முன்னர் வந்த கணினிகளில் பெரும்பாலானவை, நல்ல நிலையில் இருந்தும் அதற்குத் தகுதி பெறவில்லை. மேலும் ஒரு வருடப் பாதுகாப்பு வேண்டுமானால் வீட்டுப் பாவனையாளர் 30 டொலர் கட்டலாம், அல்லது மைக்ரோசொப்ட் கணக்கில் இணைந்து தமது அமைப்புகளை அதில் சேமித்தால் இலவசம் என்று அறிவித்தார்கள். நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதல் வருடம் 61 டொலர்.

விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாத பாவித்த லெப்டொப்கள் 2021க்குப் பின்னரும் எமது சந்தையில் தாராளமாக விற்கப்பட்டன. அவற்றை விற்றவர்களில் எத்தனை பேர் அதை வாங்குபவரிடம் சொன்னார்கள்? இந்தக் கேள்வியை அமெரிக்கக் கம்பனியிடம் கேட்பதற்கு முன்னர் எம்மிடமே கேட்க வேண்டும்.

இன்னொரு விடயத்தையும் சொல்லியாக வேண்டும். 'கொப்பி' மென்பொருளைப் போட்டுக்கொண்டால் இந்தத் தலையிடி எல்லாம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். 1988ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, வர்த்தகப் பெயர், கண்டுபிடிப்பு, ஆக்கம் போன்றவற்றின் உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. காசு கொடுக்க வசதியில்லாதவருக்கு ஹலாலான வழியும் உண்டு. லினக்ஸ், லிபர் ஒபிஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. கடிதம் எழுத, கணக்குப் பார்க்க அவை போதுமானவை. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகள் பலவற்றிலும் லினக்ஸ் வேலை செய்யும்.

ஹெட்செட்: தலையில் மாட்டும் கணினி

ஹெட்செட் என்றதும் காதில் மாட்டிப் பாட்டுக் கேட்பது ஞாபகத்துக்கு வரலாம். நான் இங்கு சொல்வது கண்களை மூடித் தலையில் மாட்டும் கருவியை. மாட்டியதும் நாம் வேறோர் இடத்தில் நிற்பது போலத் தெரியும். கட்டாத வீட்டுக்குள் நடந்து பார்க்கலாம், தளபாடத்தை அறையில் வைத்துப் பார்க்கலாம் என்றெல்லாம் சொன்னார்கள். எமது வியாபாரிகளில் இளம் தலைமுறையினர் சிலரும் இதில் ஆர்வம் காட்டியதைக் கண்டிருக்கிறேன். இந்தச் சரக்கைப் பெரிய கம்பனிகள் விற்ற விதம் ஒன்றுக்கொன்று வித்தியாசமானது.

முதலாவது, மலிவாகக் கொடுத்து ஆளைச் சேர்ப்பது. பேஸ்புக் கம்பனி 2014ல் ஒகியுலஸ் கம்பனியைச் சுமார் 200 கோடி டொலருக்கு வாங்கியது. 2020 ஒக்டோபரில் குவெஸ்ட் 2 ஹெட்செட்டை 299 டொலருக்கு விற்றது. அந்தத் தரத்துக்கு அது மிகக் குறைந்த விலை. ஆனால் புதிதாகச் சேர்பவர் பேஸ்புக் கணக்கின் மூலமே அதைப் பாவிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அந்தக் கணக்கை அழித்தால் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகளும் போய்விடும். எதிர்ப்புக்குப் பின்னர் 2022 ஆகஸ்டில் அந்த நிபந்தனையை நீக்கியது. அதே மாதம் விலையில் 100 டொலரைக் கூட்டியது. மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்தக் கம்பனியின் ஹெட்செட், கண்ணாடி செய்யும் பிரிவு 2022ல் சுமார் 1,370 கோடி டொலரும், 2023ல் சுமார் 1,610 கோடியும், 2024ல் சுமார் 1,770 கோடியும் நட்டப்பட்டது. விளம்பர வருமானம் தாங்குவதால் அதற்கு இது முடிகிறது. பக்கத்துக் கடைக்காரர் நட்டத்துக்கு விற்கிறார் என்று நாமும் இறக்கப் போனால், எம்மைத் தாங்க எந்த விளம்பரமும் வராது.

இரண்டாவது, உயர்ந்த பொருளை உயர்ந்த விலைக்கு விற்பது. அப்பிள் தனது விஷன் புரோவை 2024 பெப்ரவரியில் 3,499 டொலருக்கு அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. டொலருக்கு 300 ரூபா என்று வைத்தாலும், வரி சேர்க்காமலே பத்து இலட்சத்தைத் தாண்டும். கருவியே 600 கிராமுக்கு மேல் பாரம். பற்றரி வேறாக வயரில் தொங்குகிறது. சாதாரண பாவனைக்கு இரண்டு மணித்தியாலம் அளவில் நிற்கும். காட்சி மிகத் தெளிவானது என்று பார்த்தவர்கள் புகழ்ந்தார்கள். ஆனால் இதை வைத்து அன்றாடம் என்ன வேலை செய்வது என்ற கேள்விக்குப் பலரிடமும் பதில் இருக்கவில்லை. தரம் இருந்தும் தேவை இல்லாவிட்டால் சரக்கு தேங்கும் என்பது புறக்கோட்டையில் யாவரும் அறிந்த விடயம்.

மூன்றாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. மைக்ரோசொப்ட் 2017ல் விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி என்ற மென்பொருளைச் செய்து, ஹெட்செட் செய்யும் வேலையைக் கணினிக் கம்பனிகளிடம் கொடுத்தது. ஏசர், டெல், எச்.பி., லெனோவோ, சம்சுங் எல்லாம் செய்து விற்றன. 1981ல் வெற்றி பெற்ற அதே முறைதான்: பெட்டி உங்களுடையது, மென்பொருள் என்னுடையது. 2020ல் எச்.பி. கம்பனி ரிவேர்ப் ஜி2 என்ற நல்லதொரு ஹெட்செட்டை 599 டொலருக்குக் கொண்டுவந்தது. ஆனால் எதிர்பார்த்த சந்தை வரவில்லை. 2023 டிசம்பரில் மைக்ரோசொப்ட் அந்த மென்பொருளைக் கைவிடுவதாக அறிவித்தது. 2024ல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து அதை முற்றாக நீக்கியது. அந்தப் பதிப்பைப் போட்டவர்களின் ஹெட்செட் வேலை செய்யாமல் போனது.

பொருளில் ஒரு பழுதும் இல்லை. 2025ல் ஒரு பொறியியலாளர் தன் சொந்த முயற்சியில் எழுதி இலவசமாகக் கொடுத்த சிறிய மென்பொருள், குறிப்பிட்ட வகைக் கணினிகளில் அவற்றை மீண்டும் இயக்கியதே அதற்குச் சாட்சி. வாங்கியவரிடம் பொருள் இருந்தது. சாவி வேறொருவரிடம் இருந்தது. இதை வாசித்தபோது எனது டொங்கிள்தான் ஞாபகத்துக்கு வந்தது.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

கடைக்குக் கணினி, பில் இயந்திரம், மென்பொருள் எது வாங்கினாலும் இப்போது நான் ஐந்து கேள்விகள் கேட்கிறேன்.

1. இதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த வருடம் வரை வரும்?

2. விற்கும் கம்பனி நாளைக்கு மூடினால் இது தொடர்ந்து வேலை செய்யுமா?

3. எனது கணக்கு விபரங்களை எக்ஸெல் போன்ற எல்லோரும் திறக்கக்கூடிய கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? முடியும் என்றால் பணம் கொடுப்பதற்கு முன்னர் எடுத்துக் காட்டச் சொல்வேன்.

4. உதிரிப்பாகம், மை, நினைவகம் முதலியவற்றை வேறு இடத்தில் வாங்கலாமா?

5. வருடாந்தம் வேறு என்ன கட்ட வேண்டும்? ரூபாவிலா, டொலரிலா?

பதிலைப் பற்றுச்சீட்டிலோ கடிதத்திலோ எழுதி வாங்குகிறேன். எழுதித் தர மறுத்த இரண்டு பேரிடம் வாங்காமல் திரும்பியிருக்கிறேன். அதுமட்டுமல்ல, ஒவ்வொரு வியாழக்கிழமை இரவும் கடன் பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டுக் கோவையில் இடுகிறோம். ஒரு பிரதி பென் டிரைவில் வீட்டுக்குப் போகிறது. நாநாவின் கொப்பியும் நிற்கவில்லை.

விற்கும்போது செய்ய வேண்டியவை

வாங்கும்போது இவ்வளவு கேள்வி கேட்கும் நாம் விற்கும்போது எப்படி இருக்கிறோம்? நபி (ஸல்) அவர்கள் மதீனாச் சந்தையில் ஒரு தானியக் குவியலினுள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்ட சம்பவத்தை நாம் குத்பாக்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்தது என்று வியாபாரி காரணம் சொன்னார். அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்பதே அவருக்குக் கிடைத்த போதனை. நனைந்ததை விற்கக் கூடாது என்று சொல்லப்படவில்லை. மறைக்கக் கூடாது என்றே சொல்லப்பட்டது. இன்னும் ஒரு வருடத்தில் சேவை முடியப் போகும் லெப்டொப்பும், உதிரிப்பாகம் வராத மின்விசிறியும் நனைந்த தானியம் போன்றவையே.

எனது கடையில் இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் உதிரிப்பாகம் எவ்வளவு காலத்துக்கு எம்மிடம் கிடைக்கும் என்று பில்லிலேயே எழுதிக் கொடுக்கிறோம். கிடைக்காத பொருளுக்குக் 'கிடைக்காது' என்று எழுதுகிறோம். அதைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களும் உண்டு. சில வியாபாரம் கைவிட்டுப் போனது உண்மை. குறைந்த விலைக்கு வேண்டும் என்று தெரிந்துகொண்டே வாங்கியவர்களும் உண்டு. அவர்கள் பின்னர் சண்டைக்கு வரவில்லை.

பெரிய கம்பனிகளைத் திருத்த எம்மால் முடியாது. அவற்றின் சந்தையில் நாம் சிறு துளி. ஆனால் எமது கடை வாசலுக்கு வரும் வாடிக்கையாளரைப் பொறுத்தவரை அந்தப் பெரிய கம்பனி நாம்தான். விற்ற பின்னர் சாவி அவரிடம் இருக்க வேண்டும். இருக்காது என்றால், பணம் வாங்குவதற்கு முன்னரே அதைச் சொல்லிவிட வேண்டும்.

இந்த வருடக் கணக்கை இன்றே ஒரு தாளில் அச்சிட்டு வையுங்கள் சகோதரர்களே. ஸகாத் கணக்குப் பார்க்கும் நாளில் என்னைப் போல் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டி வராது. வல்ல அல்லாஹ் எமது கொடுக்கல் வாங்கல்களைத் தூய்மையாக்கி, அவற்றில் பரக்கத் செய்வானாக.